வெறுந்தொட்டியில் பாசி

சுதாகரன் கலியாணம் முடித்துக் களுதாவளைக்கு வந்தபோது மூன்று சாமான்களோடு வந்தான்: ஒரு சூட்கேஸ், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு மீன்தொட்டி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, கிணற்றுக்குள் கிடக்கும் தண்ணீரும் பெண்ணுக்கு. முற்றத்து மாவில் ஒரு மாங்காய் பறிப்பதென்றாலும் மாமியார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை கையை நீட்டுவான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சுதாகரனுடைய தகப்பனும் ஒரு காலத்தில் அப்படித்தான் பெரியகல்லாற்றில் போய் இறங்கியவர், இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறார்.

ஆனாலும் மனிதனாகப் பிறந்தவனுக்கு, "இது என்னுடையது" என்று சொல்ல வீட்டுக்குள் ஒரு சாமானாவது வேண்டாமா? சூட்கேஸ் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது, அதற்குள் இப்போது மனைவி அஜந்தாவின் பழைய சேலைகள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிச் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்ப்போய் மாமியார் சீதேவிப்பிள்ளை அதில் பாதி உரிமை பிடித்துவிட்டார். மிஞ்சியது தொட்டிதான். மூன்றடி நீளம். மூடியில் ஒரு வெள்ளை விளக்கு. உள்ளே ஆறு தங்கமீன்கள், கூழாங்கல், வட்ட இலையும் நீள இலையுமாகக் கொஞ்சம் பிளாஸ்ரிக் செடி. வேலையால் வந்ததும் சேட்டைக் கூடக் கழற்றாமல் போய் அதன் முன்னால் குந்துவான். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவன் யாருக்கும் மருமகன் இல்லை.

அந்தத் தொட்டிதான் பச்சையாகிப் போனது.

சும்மா பச்சையா? கண்ணாடியெல்லாம் வழுவழுப்பு, கூழாங்கல்லில் பாய் விரித்தாற்போலப் பாசி, பிளாஸ்ரிக் செடிக்குத் தாடி முளைத்திருந்தது. மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்க அது கண்ணாடியில் வந்து முட்டும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் சீதேவிப்பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தார். அவருக்கு வயது அறுபத்துநாலு, குரலுக்கு மட்டும் இருபதுக்கு மேல் ஏறவில்லை.

"தம்பி, இது மீன்தொட்டியா, வயல் வாய்க்காலா?"

"கழுவத்தான் இருக்கன் மாமி."

"போன மாசமும் இதத்தான் சொன்ன நீங்க. வாற வெள்ளிக்கிழமை எங்கட குடித் திருவிழா. அண்ணன் குடும்பத்தோட சாப்பிட வாறார். நாலு சனம் வந்திருக்கிற ஹோலில இப்பிடி ஒரு பாசிக்குளம் கிடந்தா என்னத்துக்காகும்? வெள்ளிக்கு முந்தித் தெளியாட்டி அண்ணன்ட வண்டியில ஏத்தி விட்டிருவன். வெல்லாவெளியில மாட்டுக்குத் தண்ணி வைக்க ஒரு தொட்டி வேணுமெண்டு கேட்டுக்கொண்டிருக்கார்."

"மாட்டுக்கா?"

"ஓம். மாடு பாசி பாக்காது."

குடித் திருவிழா என்றால் விளையாட்டில்லை. தாய்வழியில் வரும் ஒவ்வொரு குடிக்கும் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழா. அந்த நாளில் பூசை முடித்து, குடிக்குப் பெரியவர் வந்து வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. அந்தப் பெரியவர்தான் சீதேவிப்பிள்ளையின் அண்ணன் இராசதுரை. தொட்டி போ என்று அவர் சொன்னால் போகவேண்டியதுதான்.

"அதோட விரத வீடு," என்று போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார் மாமியார். "பத்து நாளா வெங்காயமும் பாத்துப் பாத்துச் சமைக்கிறன். ஹோலுக்க மீன்!"

"அது உசிரோட நீந்துற மீன் மாமி."

"மீன் மீன்தானே."

சுதாகரன் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளன். குடுவையும் குழாயும் கழுவிக் கழுவியே விஞ்ஞானத்தில் அசைக்கமுடியாத நம்பிக்கை வந்துவிட்டவன். எந்தக் கரைச்சலுக்கும் ஒரு காரணம் இருக்கும், அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தால் தானாகப் பிடிபடும் என்பது அவனுடைய கொள்கை. உடனே ஒரு புதுக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் "பாசி: அவதானங்கள்" என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தான். பிறகு காத்தான்குடிக்குப் போய், தொட்டி வாங்கின கடைக்கார ஹலீமிடம் படம் காட்டினான்.

ஹலீம் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மீனுக்கு எத்தின தரம் தீன் போடுறீங்க மச்சான்?"

"காலையும் பின்னேரமும். ரெண்டு நிமிசத்தில திண்டு முடிக்கிற அளவுதான்."

"ஜன்னல் பக்கத்துல வெச்சிரிக்கீங்க போல. வெயில் படாத இடத்துக்கு நகத்துங்க. லைட்டு?"

"ஆறு மணிக்குப் போட்டு எட்டரைக்கு நிப்பாட்டுறன்."

"இல்ல. இது ரெண்டரை மணித்தியாலம் எரியிற லைட்டுக்கு வாற பாசி இல்ல. எங்கயோ கூட எரியிது."

"எரியல்ல ஹலீம். நான்தான் போடுறன், நான்தான் நிப்பாட்டுறன்."

"பாசி என்னத்துக்கு மச்சான் எனக்குப் பொய் சொல்லப்போகுது?" என்று கேட்டான் ஹலீம். பிறகு வைத்தியம் சொன்னான். கண்ணாடியைச் சுரண்டி எடு, மூன்றில் ஒரு பங்கு தண்ணியை மாற்று, செடிகளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய். "தேச்சும் போகாட்டி இருவது கோப்பைத் தண்ணிக்கு ஒரு கோப்பை பிளீச் விட்டு, கால் மணித்தியாலம் ஊறப்போடுங்க. மறுகா நல்லாக் கழுவி, வெறுந்தண்ணியில ஊறவெச்சு, மணம் போகுமட்டும் காய வைங்க. மணத்தோட உள்ளுக்குப் போட்டா மீனுக்கு மவுத்துதான். சவர்க்காரத்த மட்டும் காட்டிராதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுதாகரன் தொட்டியோடு மல்லுக்கட்டினான். பாடசாலையில் கோடு இழுக்கும் அடிமட்டத்தால் கண்ணாடியைச் சுரண்டினான். தண்ணீரை இறக்கக் குழாயில் வாயை வைத்து இழுத்தபோது ஒரு மிடறு பாசித்தண்ணி நேரே வயிற்றுக்குப் போயிற்று. "சுவை: முருங்கையிலைத் தண்ணி" என்று அதையும் கொப்பியில் எழுதினான். செடிகளை ஒவ்வொரு இலையாகத் தேய்த்தான். அஜந்தாவும் அவனும் சேர்ந்து தொட்டியை ஜன்னலில் இருந்து உள்சுவருக்குத் தள்ளினார்கள். பின்னேரம் நாலு மணிக்கு, அட, கடையில் வாங்கின நாளில் கூட அது அப்படி மின்னவில்லை. தங்கமீன் ஆறும் தங்கள் வீட்டைத் தாங்களே புதிதாகப் பார்ப்பதுபோல் ஓடித்திரிந்தன. சுதாகரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமியாரைக் கூப்பிட்டான்.

சீதேவிப்பிள்ளை வந்தார். குனிந்தார். இடப்பக்கம் ஒருதரம், வலப்பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"பாசி அப்பிடியேதான் கிடக்கு," என்றார்.

"எங்க மாமி?"

"எங்கயா? முழுக்க! மேலால தண்ணி தெளிச்ச மாதிரிக் கிடக்கே தவிர வேற ஒண்டும் இல்ல."

அவர் போனபிறகு சுதாகரன் அஜந்தாவைப் பிடித்து இழுத்துவந்து தொட்டிக்கு முன்னால் நிறுத்தினான். "நீ சொல்லு. இதில பாசி கிடக்கா?"

"பளிங்கு மாதிரிக் கிடக்கு."

"அப்ப அம்மாக்குச் சொல்லன்."

"ஐயோ, என்ன இதுக்குள்ள இழுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் துவைத்த உடுப்பு எடுக்கப் போய்விட்டாள். அவள் கூட்டுறவுக் கடையில் வேலை செய்பவள். நாள் முழுக்கச் சனத்தின் முறைப்பாடு கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் எந்தப் பக்கமும் சாய்வதில்லை என்று தீர்மானம் எடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை வேலையால் வந்து இன்னொரு தடவை சுரண்டினான். "பரவாயில்ல, ஆனா பச்சை போகல்ல," என்றார் மாமியார். செவ்வாய்க்கிழமை கூழாங்கல்லை வாளியில் கொட்டி அரிசி கழுவுவதுபோல் கழுவினான். "புகை புடிச்சாப்போலக் கிடக்கு," என்றார். ஊரில் யாரோ ஒரு பொல்லாத மனுசி மருமகனின் முகத்துக்கு நேரே நின்று வேண்டுமென்றே இப்படிச் சொல்கிறாள் என்றால் நீங்கள் நம்புவீர்கள். சுதாகரனும் அதைத்தான் நம்பினான். தொட்டியை விரட்டக் கங்கணம் கட்டிவிட்டார் மாமி, இனி நான் தங்கத்தால் தொட்டி செய்து வைத்தாலும் பாசிதான் என்று மனம் வெந்துபோய்க் கிடந்தான்.

அவனுடைய கொப்பியில் மட்டும் இரண்டு விசித்திரமான வரிகள் விழுந்திருந்தன. "திங்கள், பிற்பகல் 2.40. விளக்குச் சூடாக உள்ளது. போட்டது யார்?" மற்றது: "செவ்வாய். கூழாங்கல்லுக்குள் பச்சையரிசி, மூன்று." அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது மாமியார் ஒருவர்தான். கேட்டுப் பார்த்தான்.

"எனக்கு அந்தப் பக்கம் என்ன சோலி?" என்று பாய்ந்தார் சீதேவிப்பிள்ளை. "அரிசி கிடந்தா எலி போட்டிருக்கும்."

எலி விளக்கும் போடுமா என்று கேட்க வாய் வந்தது. மருமகன் வாய், மூடிக்கொண்டது.

புதன்கிழமை அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மீன் ஆறையும் பிடித்து வாளிக்குள் விட்டான். செடிகளைப் பிடுங்கினான், கல்லை அள்ளினான், கடைசிச் சொட்டுத் தண்ணீர்வரை இறக்கினான். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளும் புறமும் துடைத்தான். தொட்டி வெறும் கண்ணாடிப் பெட்டியாக நின்றது. இனி எந்த வாயால் குறை சொல்கிறார் பார்ப்போம்!

"மாமி, ஒருக்கா வந்து பாருங்க."

சீதேவிப்பிள்ளை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்தார். கண்ணை இடுக்கினார்.

"ம்ம். இண்டைக்குக் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. ஆனாத் தண்ணி இன்னும் கலங்கல்தான்."

சுதாகரன் தொட்டியைப் பார்த்தான். தண்ணீர் இல்லை. மாமியாரைப் பார்த்தான். மாமியார் நல்ல சீரியஸாகத்தான் நின்றார்.

"தண்ணி… எவ்வளவுக்குத் தெரியுது மாமி?"

"இந்தா, முக்கால்வாசிக்குக் கிடக்கே."

"மீன்?"

"மீனுக்கென்ன, ஓடித்திரியுது. ஆறும் நிக்கிது." அவன் காலடியில் வாளிக்குள் ஒரு மீன் துள்ளி விழுந்தது. "எண்ட கண்ணப்பத்தி நீங்க என்ன நினைச்ச தம்பி? வாவிக்கு அந்தப் பக்கம் தோணியில ஆர் போறான் எண்டு இஞ்ச இருந்து சொல்லுவன்."

அவர் போய்விட்டார். சுதாகரன் வெறுந்தொட்டிக்கு முன்னால் அப்படியே குந்திவிட்டான். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் தேத்தண்ணிக்குள் உப்பு. கோயிலில் யாரோ ஒரு பெண்ணை அஜந்தா என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தது. போன கிழமை கொடியில் காய்ந்த அவனுடைய சேட்டைப் பார்த்து, "தம்பி, சாப்பிட வரல்லயா?" என்று கேட்டது. நக்கலடிக்கிறார் என்று நினைத்து அவன் அன்று இரவு முழுக்கக் கோபத்தில் இருந்தானே! பாசி தொட்டியில் இல்லை. மாமியின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது, அதைத்தான் அவர் தொட்டியில் பார்க்கிறார். அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பெரிய பாவமாக இருந்தது.

அஜந்தா வந்ததும் சொன்னான். அவள் குசினி வாசலில் நின்று அழுதாள்.

"எனக்குக் கொஞ்ச நாளாச் சந்தேகம்தான். கண்ணில கத்தி வைப்பாங்க எண்டு அம்மாக்குச் சாகிற பயம். ஆஸ்பத்திரி எண்ட பேரை எடுத்தாலே சோறு தின்னமாட்டா."

"அப்ப நான் சொல்லிப் பாக்கட்டா?"

"நீங்களா? நல்லா இருக்கும்! தொட்டியக் காப்பாத்த என்னக் குருடியாக்கிறான் மருமகன் எண்டு ஊரெல்லாம் சொல்லுவா."

அதுவும் சரிதான். உண்மை கையில் இருக்கிறது, ஆனால் அவன் வாயில் அது உண்மையாக இருக்காது. தொட்டியைத் திரும்ப நிரப்பி, மீனையும் விட்டுவிட்டு, வியாழக்கிழமை செடிகளுக்குக் கடைசி வைத்தியமாகப் பிளீச் போட்டான். குறிப்புப் பிசகாமல் கால் மணித்தியாலம். மூன்று தரம் கழுவி இரவு முழுக்கக் கிணற்றுத் தண்ணியில் ஊறவைத்தான். வெள்ளிக்கிழமை விடிய எழும்பி, வெயில் படுமென்று, குசினிப் பின்வாசல் படிக்கட்டில் ஒரு சுளகில் பரப்பிவிட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். இராசதுரைப் பெரியப்பா எப்படியும் கண்ணால் பார்ப்பார், நல்ல கண்ணுள்ள மனுசன், தொட்டி தப்பிவிடும் என்று பிள்ளையாருக்கு முன்னால் நின்று தைரியம் எடுத்துக்கொண்டான்.

பூசை முடிந்து பன்னிரண்டரைக்கு இராசதுரையும் அவர் வீட்டுச் சனமுமாகப் பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். வாழையிலை விரித்தாயிற்று. சோறு, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, அதற்குப் பக்கத்தில் சீதேவிப்பிள்ளையின் பேர்போன வல்லாரைச் சம்பல். வல்லாரையைப் பச்சையாகப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் தேசிப்புளியும் விட்டுப் பிசைந்தது. அதற்காகவே இராசதுரை வெல்லாவெளியில் இருந்து பசியோடு வருவார்.

இராசதுரையிடம் ஒரு கொள்கை உண்டு: ஒரு வாய்ச் சோற்றை முப்பத்திரண்டு தரம் மெல்லவேண்டும். அவர் சாப்பிடும்போது யாரும் பறையக்கூடாது, எண்ணிக்கை தவறிவிடும். முதல் வாயில் வல்லாரைச் சம்பலை வைத்து மெல்லத் தொடங்கினார். முப்பத்திரண்டு ஆயிற்று. அவருடைய நெற்றி சுருங்கியது. தொடர்ந்து மென்றார். நாற்பது. ஐம்பது. குடிக்குப் பெரியவர் மெல்லும்போது மற்றவர்கள் சும்மா இருக்கலாமா? பதினொரு வாயும் சேர்ந்து மென்றன. ஹோலுக்குள் கறுக் கறுக் என்ற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

சுதாகரன் தன் இலையைப் பார்த்தான். தேங்காய்ப்பூவுக்குள் இருந்து பச்சையாக ஒரு வட்ட இலைத்துண்டு, கழுவித் துடைத்த பளபளப்போடு, அவனைப் பார்த்தது. அவனுக்கு அதைத் தெரியும். போன ஐந்து நாளில் அதை அவன் நாலு தரம் தேய்த்திருக்கிறான்.

குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தான். வல்லாரைக் கட்டு, வாழைநார் அவிழ்க்காமல், கூடைக்குள் அப்படியே கிடந்தது. பின்வாசல் படிக்கட்டில் சுளகு வெறுமையாக இருந்தது.

அறுபத்துநாலாவது தரத்தில் இராசதுரை தோற்றுப்போனார். வாய்க்குள் இருந்ததை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். "தங்கச்சி, இது என்ன வல்லாரை?"

"ஏன் அண்ணன்? கொஞ்சம் முத்தல்தான். அரியேக்க கத்தியே வழுக்கிச்சு."

இராசதுரை மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். ஒரு தண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "முத்தல் எண்டாலும்… இதில இங்கிலீசில எழுதியெல்லாம் கிடக்கே."

எல்லா வாயும் நின்றன. சீதேவிப்பிள்ளை கறிச்சட்டியைக் கீழே வைத்தார். பிறகு கையை மெல்லச் சம்பலுக்குள் விட்டு விரலால் தடவினார். ஒருதரம் தடவினார், இன்னொருதரம் தடவினார். அவர் முகத்தில் இருந்த அந்தப் பயத்தைச் சுதாகரன் பார்த்தான். இவ்வளவு காலமும் மாமியை அவன் அப்படிப் பார்த்ததில்லை. சொந்தச்சனம் முழுக்க இருக்கிற ஹோலில், குடித் திருவிழா நாளில், தன் சமையலால் தலைகுனிந்து நிற்கிறார். இப்போது உண்மையைச் சொன்னால் தொட்டி தப்பும். வாய்க்குள் வந்தும் விட்டது.

"நான்தான் பெரியப்பா," என்றான்.

"என்ன நான்தான்?"

"சம்பல் அரிஞ்சது. மாமிக்கு உதவி செய்வம் எண்டு… தொட்டிச் செடியும் வல்லாரையும் பக்கத்தில பக்கத்தில கிடந்திச்சு. மாறிப்போச்சு. மாமி அந்தப் பக்கமே வரல்ல."

"பிளாஸ்ரிக்குக்கும் கீரைக்கும் வித்தியாசம் தெரியல்லயா உமக்கு? கண் இல்லையா மகன்?"

"எனக்குக் கொஞ்சம் பார்வை குறைவு பெரியப்பா." சொல்லிவிட்டு, அதோடு விட்டிருக்கலாம். விஞ்ஞானம் அவனை விடவில்லை. "ஆனாப் பயப்பிடத் தேவையில்ல. மூண்டு தரம் கழுவினது. பிளீச் மணம் சுத்தமாப் போயிற்று."

பதினொரு பேரும் ஒன்றாகத் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினார்கள். இராசதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்: "போதும்! தொட்டியால சோத்துக்குள்ள பிளாஸ்ரிக் வந்து விழுற வீடாப் போச்சு. இண்டைக்கே வண்டியில ஏத்துங்க. மாட்டுக்காவது உதவட்டும்."

அஜந்தா கணவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டி, ஒன்றும் சொல்லாதே என்றான். பிறகு மீன்களை ஒவ்வொன்றாக வாளிக்குள் பிடித்து விட்டான். கடைசி மீன் பிடிபடாமல் ஓடி ஓடி விளையாட்டுக் காட்டியது, அதற்கென்ன தெரியும்? அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். ஒரு தொட்டிக்கு ஒரு ஆம்பிளை அழுவதா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் அவனுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

இராசதுரையின் மகன்மார் இரண்டு பேர் தொட்டியின் இரண்டு பக்கமும் குனிந்து கையை வைத்தார்கள்.

"வையுங்க அதை."

சீதேவிப்பிள்ளைதான். நேராக வந்து தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். பார்க்காமலே கையை உயர்த்தினார். கை பிசகாமல் விளக்கின் ஆளியில் போய் நின்றது. டிக். தொட்டி விளக்கு எரிந்தது.

"அண்ணன், பகல் முழுக்க நான் இதைப் போட்டு வைச்சுத்தான் அரிசியில கல் பாக்கிற. இந்த வீட்டில எனக்குக் கொஞ்சமாவது தெரியிற இடம் இது ஒண்டுதான். மாட்டுக்கு எண்டு சொன்னதெல்லாம் மருமகன் கழுவட்டும் எண்டு வெருட்டினது. இதையும் கொண்டு போனா நான் எங்க போய் இருக்கிற?"

அந்த இடத்தில் சுதாகரனுக்கு எல்லாம் விளங்கியது. சூடான விளக்கு, கூழாங்கல்லுக்குள் பச்சையரிசி, தாடி வளர்த்த பாசி. எலியாவது மண்ணாவது!

"அப்ப சம்பல்?" என்று கேட்டார் இராசதுரை.

"சம்பல் அரிஞ்சது நான். மருமகன் பொய் சொல்றார்." சீதேவிப்பிள்ளையின் குரலில் பழைய இருபது வயது திரும்பிவிட்டது. "எனக்காகச் சொல்றார், அது எனக்கு விளங்குது. எண்டாலும் இந்த வீட்டில வல்லாரைச் சம்பல் மருமகன் அரிஞ்சது எண்டு ஊருக்குள்ள கதை போனா எண்ட பேர் என்னத்துக்காகும்? நல்லா இருந்தாலும், ரப்பர் மாதிரி இருந்தாலும் அது எண்ட சம்பல்!"

இராசதுரை தங்கச்சிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "நான் ரெண்டும் செய்தனான் புள்ள. போன வருசம். உனக்குச் சொல்லல்ல, நீ பயப்பிடுவ எண்டு. வெத்திலை போட்டு முடியிற நேரம்தான் எடுத்திச்சு. திங்கக்கிழமை நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"நோகுமா?"

"உண்ட சம்பலை விட நோகாது."

முதலில் சிரித்தது சீதேவிப்பிள்ளைதான். பிறகு ஹோல் முழுக்கச் சிரித்தது. மகன்மார் இரண்டு பேரும் தொட்டியை விட்டுவிட்டுப் பாயாசம் குடிக்கப் போனார்கள். இராசதுரை போகும்போது, "அப்ப மாட்டுக்கு?" என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"மாட்டுக்குச் சீமெந்துத் தொட்டி கட்டுங்க அண்ணன். இது எங்கயும் போகாது. இது எண்ட தொட்டி."

சுதாகரன் சந்தோசத்தில் மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாதி வழியில்தான் அந்தக் கடைசிச் சொல் அவன் காதில் சரியாக விழுந்தது.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு கண்ணும் செய்தாயிற்று. ஹலீமிடம் விசயத்தைச் சொன்னபோது, "நான் சொன்னன்தானே, லைட்டு எரியிதெண்டு," என்று சொல்லி, புதுச் செடி ஒரு கொத்து இனாமாகத் தந்துவிட்டான். "இதக் கொஞ்சம் சிவப்பாத் தாறன். கீரை மாதிரி இரிக்காது."

முதல் கண்ணுக்குக் கட்டு அவிழ்த்த அன்று சீதேவிப்பிள்ளை வீட்டுக்கு வந்து, படியில் நின்று, மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, எப்ப மீசை வைச்ச நீங்க?"

"கலியாணத்துக்கு முந்தியே இருந்தது மாமி."

"ஓ," என்றார். "பரவாயில்ல, வடிவாத்தான் கிடக்கு."

அதற்குப் பிறகு பகலில் விளக்கு எரிவதில்லை, பாசியும் பிடிப்பதில்லை. ஆனால் தொட்டிக்கு முன்னால் இருக்கும் கதிரை காலியாக இருப்பதும் இல்லை. மீன் ஆறுக்கும் பேர் வைத்தாயிற்று, அவனிடம் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்: "இது எண்ட தொட்டி. மருமகன்தான் கழுவித் தாறவர்." சுதாகரன் வேலையால் வந்தால் பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டுக் குந்துகிறான். இரண்டு பேரும் சேர்ந்து மீன் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால், அது அவனுக்கு அவ்வளவு கசக்கவும் இல்லை.

நேற்று, அரைமணித்தியாலம் தேய்த்துக் கழுவி, துடைத்து, விளக்கையும் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டான். சீதேவிப்பிள்ளை வந்தார். குனிந்தார். இடப்பக்கம் ஒருதரம், வலப்பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"இந்தா, பாசி."

"எங்க மாமி?" அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"பின்மூலையில. அந்தச் சிவப்பு இலைக்கு அடியில."

அவன் குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தான். இல்லை. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி, மூச்சை அடக்கிப் பார்த்தான். இருந்தது. கடுகில் பாதியளவு.

"அஜந்தா," என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார் சீதேவிப்பிள்ளை. "மருமகனைத் திங்கக்கிழமை கண்ணுக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போ புள்ள. பயப்பிட வேணாமெண்டு சொல்லு, நான் கூட வாறன்."

சுதாகரன் பிரஷை எடுக்கப் போனான்.